கையில் இலை, கடையில் மருந்து

நெற்கதிர் பால் பிடிக்க வேண்டிய நேரத்தில் வெளுத்து, மணியில்லாமல் விறைப்பாக நிமிர்ந்து நிற்பதை வெண்கதிர் என்பார்கள். வரப்பில் நின்று பார்த்தால் காரணம் தெரியாது. தண்டுத் துளைப்பான் புழு உள்ளே புகுந்து குடைந்திருக்கலாம். குலைநோய்ப் பூசணம் கதிரின் கழுத்தைப் பிடித்திருக்கலாம். வயலில் இறங்கி ஒரு கதிரை மெல்ல இழுத்துப் பார்த்தால் விஷயம் வெளிப்பட்டுவிடும். புழுவின் வேலையாக இருந்தால் கதிர் உருவிக்கொண்டு கையோடு வரும்; அடியில் கடித்த தடம் இருக்கும். குலைநோயாக இருந்தால் கழுத்துக் கணு கருத்திருக்கும், அங்கேதான் ஒடியும். ஒன்றுக்குப் பூச்சிக்கொல்லி, மற்றதற்குப் பூசணக்கொல்லி. மாற்றி அடித்தால் மருந்துக் காசும் தெளிப்புக் கூலியும் வீணாகும்; நோய் தன் போக்கில் பரவும். இன்னொன்றும் உண்டு: வெளுத்துவிட்ட கதிரை எந்த மருந்தும் திரும்பப் பச்சையாக்காது.

இந்த அரை நிமிடச் சோதனையைச் செய்து, கண்டதை உள்ளபடி சொல்ல ஓர் ஆள் உழவருக்குக் கிடைப்பதுதான் பயிர் நல ஆலோசனை. உலகில் விளையும் பயிரில் ஆண்டுதோறும் 40 விழுக்காடு வரை பூச்சியாலும் நோயாலும் அழிகிறது என்பது ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் மதிப்பீடு. அந்த இழப்பில் பெரும்பகுதியைத் தடுக்கும் அறிவு ஆராய்ச்சி நிலையங்களில் ஏற்கெனவே இருக்கிறது. அது வயலுக்கு வந்து சேரும் வழியில்தான் சிக்கல். வளரும் நாடுகள் அனைத்துக்கும் பொதுவான இந்தச் சிக்கலை ஆரணி போன்ற ஓர் ஊரில் வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும்.

ஆரணியை வெளியூர்க்காரர்கள் பட்டுப்புடவையால் அறிவார்கள். அரிசி வியாபாரிகளுக்கு அது அரிசி ஆலைகளின் ஊர். பக்கத்திலுள்ள களம்பூர் பெயரைச் சொன்னாலே பொன்னி அரிசி நினைவுக்கு வரும். திருவண்ணாமலை மாவட்டத்தின் இந்தப் பகுதியில் ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல், மானாவாரியில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை, இடையிடையே கரும்பு, காய்கறி என்று சாகுபடி நடக்கிறது. தறியில் ஓடும் பட்டு நூலும் ஒரு பயிரிலிருந்து பிறப்பதுதான். அந்தப் பயிர் மல்பெரி. நெல்லும் பட்டும் சேர்ந்து பிழைக்கும் ஊருக்குப் பயிர் நலம் இரு வழியில் சோறு போடும் விஷயம்.

கடைக்காரர் என்னும் வைத்தியர்

இலையில் புள்ளி விழுந்தால் உழவர் என்ன செய்கிறார்? இரண்டு மூன்று இலைகளைப் பறித்து, பாலித்தீன் பையிலோ துண்டின் முனையிலோ முடிந்துகொண்டு டவுனுக்கு வருகிறார். போய் நிற்பது உர, மருந்துக் கடையில். கடைக்காரர் இலையைப் புரட்டிப் பார்க்கிறார். ஒரு பூச்சி மருந்து, ஒரு பூசண மருந்து, கூடவே ஒரு வளர்ச்சி ஊக்கி எடுத்து வைக்கிறார். ‘மூணையும் கலந்து டேங்குக்கு இத்தனை மூடி ஊத்துங்க’ என்கிறார். மூன்றில் ஒன்று பலிக்கும் என்ற கணக்கு அது.

கடைக்காரரை வில்லனாக்குவது எளிது, நியாயமாகாது. காலை முதல் இரவு வரை கடை திறந்திருக்கிறது. அறுவடைக்குப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று கடன் கொடுப்பவர் அவர். உழவரின் நிலம் எது, போன போகத்தில் என்ன வந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் நோயைச் சொல்பவரும் மருந்தை விற்பவரும் ஒருவராகவே இருக்கும்போது ‘மருந்து வேண்டாம், ஒரு வாரம் பொறுங்கள்’ என்ற வார்த்தை அந்தக் கடையில் பிறப்பது கடினம். பயிர் ஆலோசனையில் பல நேரம் சரியான பதில் அதுவாகவே இருக்கிறது.

2003-ல் இந்திய தேசிய மாதிரி ஆய்வு உழவர் குடும்பங்களிடம், நவீனத் தொழில்நுட்பத் தகவல் எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டது. ஏதாவது ஒரு வழியில் தகவல் பெற்றதாகச் சொன்னவர்கள் 40 விழுக்காடு மட்டுமே. பிற முன்னோடி உழவர்களிடமிருந்து பெற்றவர்கள் 16.7, இடுபொருள் கடைக்காரர்களிடமிருந்து 13.1, வானொலியிலிருந்து 13 விழுக்காடு. அரசின் விரிவாக்கப் பணியாளரிடம் கேட்டறிந்தவர்கள் 5.7 விழுக்காடு. அலைபேசி வந்து நிலைமை மாறியிருக்கிறது என்றாலும், அரசு அலுவலரைவிடக் கடையும் பக்கத்து வயல்காரரும் நெருக்கம் என்ற வரிசை ஊர்ப்புறங்களில் இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

அரசு முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு கிராம சேவக் என்ற ஊர்நிலைப் பணியாளர் வந்தார். 1970-களின் நடுப்பகுதியிலிருந்து உலக வங்கி உதவியோடு ‘பயிற்சியும் பார்வையிடலும்’ முறை வந்தது. குறித்த நாளில் குறித்த கிராமத்துக்கு அலுவலர் வருவார் என்பது அதன் உயிர்நாடி. திருச்சி வானொலி சொல்லிச் சொல்லியே ஆடுதுறை 27 நெல் தஞ்சை வட்டாரத்தில் ‘ரேடியோ நெல்’ என்று பெயர் பெற்றது. அந்தக் காலத்துக்குத் தேவைப்பட்டது எல்லோருக்கும் பொதுவான ஒரே செய்தி: இந்த விதையைப் போடு, இவ்வளவு உரம் இடு. பயிர் நோய்க்கு அது போதாது. கையிலிருக்கும் இலைக்கு என்ன என்பதுதான் கேள்வி. பதிலும் வயலுக்கு வயல் மாறும். இன்றைய உதவி வேளாண்மை அலுவலருக்கோ மானியப் பட்டியல், பயிர்க் காப்பீடு, கணக்கெடுப்பு என்று மேசை நிறைய வேலை. பல கிராமங்களைச் சேர்த்துப் பார்க்கும் அவர், ஓர் இலையை உற்றுப் பார்க்க நேரம் எங்கே தேடுவார்?

மாவுப்பூச்சி எடுத்துக்கொண்ட இரண்டு ஆண்டுகள்

ஆலோசனை தாமதமானால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நடந்த ஒரு சம்பவமே போதும். 2008-ல் கோவையில் பப்பாளிச் செடிகளில் வெள்ளை மாவு அப்பியது போல ஒரு பூச்சி காணப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி அது என்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஆர்.முனியப்பன் அடையாளம் கண்டார். பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, பருத்தி, கத்தரி என்று தாவியது. மல்பெரியில் விழுந்தபோதுதான் பட்டுக்கு ஆபத்து வந்தது. திருப்பூர், ஈரோடு, கோவை வட்டாரங்களில் கொழுந்து சுருண்டு, இலை மஞ்சளாகி, தேன்போன்ற கசிவின் மேல் கரும்பூசணம் படர்ந்து மல்பெரித் தோட்டங்கள் நாசமாயின. செடிகளைப் பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு.

மாவுப்பூச்சியின் உடம்பு மேல் மெழுகுத்தூள் போர்த்தியிருக்கும். முட்டைகளும் பஞ்சு போன்ற பைக்குள் பத்திரமாக இருக்கும். தெளிக்கும் மருந்து அதன் மேல் ஒட்டாமல் உருண்டோடிவிடும். அடிக்க அடிக்கப் பூச்சி குறையாததால், உழவர்கள் இன்னும் வீரியமான மருந்தைத் தேடிப் போனார்கள். கரீபியன் தீவுகளில் சில ஆண்டுகளுக்கு முன்பே இதே பூச்சி வந்து, ஒட்டுண்ணிக் குளவிகளால் அடங்கியிருந்தது. அந்தச் செய்தி ஆய்வாளர்களுக்குத் தெரியும். திருப்பூரில் மருந்துத் தொட்டியைச் சுமந்தவருக்குத் தெரியாது.

2010 ஜூலையில் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சிகள் பணியகத்துக்கு வந்தன. பாதுகாப்புச் சோதனைகள் முடிந்து, அந்த ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழியாக வயல்களில் விடப்பட்டன. மூன்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி நன்றாக நிலைத்தது. கடுகைவிடச் சிறியது. இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று, வெறும் கூட்டை விட்டுவிட்டு வெளியே பறக்கும். பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் குளவியைப் பெருக்கிக் கொடுத்தன. சில மாதங்களில் பூச்சி அடங்கியது. ஐந்து ஆண்டுகளில் மிச்சமான இழப்பு 52 கோடி டாலருக்குக் குறையாது என்று பின்னர் வந்த ஒரு மதிப்பீடு சொன்னது.

குளவியோடு உழவருக்கு ஒரு சொல்லும் போய்ச் சேர வேண்டியிருந்தது: இனி இங்கே மருந்து அடிக்காதீர்கள், அடித்தால் குளவிதான் முதலில் சாகும். இரண்டு ஆண்டுகள் அடித்துப் பழகிய கைக்கு அந்த வார்த்தை எளிதில் ஏறாது. குளவியைக் கொண்டுவந்து கொடுத்தவரே தோட்டத்துக்கு வந்து, உள்ளே ஒட்டுண்ணி வளர்ந்து உப்பிப்போன மாவுப்பூச்சியை இலையில் காட்டிச் சொன்ன இடங்களில்தான் அது நம்பப்பட்டது.

மல்பெரியில் ஆலோசனையின் கத்திமுனை

நெல்லில் தவறான மருந்து அடித்தால் விளைச்சல் குறையும். மல்பெரியில் தவறான மருந்து அடித்தால் பட்டுப்புழு மொத்தமும் சாகும். பட்டுப்புழுவின் வாழ்வு ஏறக்குறைய 25 முதல் 28 நாள். ஐந்து பருவம், கடைசிப் பருவத்தில் மட்டும் மொத்த இலையில் 80 விழுக்காட்டுக்கு மேல் தின்றுவிடும். அந்த நாட்களில் தோட்டத்து இலையைக் கொடுக்க முடியாமல் போனால் வெளியே வாங்கிச் சமாளிக்க முடியாத அளவு அது. எனவே ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனை நாள் கழித்து இலை பறிக்கலாம் என்பதுதான் மல்பெரிக்காரர் கேட்கும் முதல் கேள்வி. மருந்துக் கடை அட்டையில் அந்தப் பதில் பெரும்பாலும் இருக்காது.

பக்கத்து வயலும் சும்மா விடுவதில்லை. இலைச்சுருட்டுப் புழுவுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் நெல்லில் இப்போது பரவலாகப் பயன்படும் குளோரான்ட்ரனிலிபுரோல், மனிதருக்கும் கால்நடைக்கும் நஞ்சு குறைந்த மருந்து என்பதால் நல்ல பெயர் பெற்றது. பட்டுப்புழுவுக்கு அது மிகக் கொடியது. காற்றுவாக்கில் மல்பெரி இலையில் படிந்த சொற்ப அளவே ஒரு வளர்ப்பைக் கெடுத்துவிடும். நெல்லுக்கு மட்டும், மல்பெரிக்கு மட்டும் என்று தனித்தனியாக ஆலோசனை சொல்லும் இரு துறைகளுக்கு நடுவில் விழும் பிரச்சினை இது.

மல்பெரியில் டுக்ரா என்றொரு கோளாறு உண்டு. இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி கொழுந்தில் சாறு உறிஞ்சுவதால் இலைகள் தடித்து, கரும்பச்சையாகச் சுருண்டு, முடிச்சுப் போலாகிவிடும். வெகுகாலம் இதற்கு டைகுளோர்வாஸ் பரிந்துரைக்கப்பட்டது. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு 18 பூச்சிமருந்துகளைத் தடை செய்தபோது அதுவும் பட்டியலில் இருந்தது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு அதைப் பயன்படுத்தக் கூடாது. பழைய துண்டறிக்கைகள், புத்தகங்கள், இணையப் பக்கங்கள் என்று தேடினால் அந்தப் பெயர் இன்றும் கண்ணில் படும். பாதித்த நுனிகளை நறுக்கி சோப்புக் கரைசலில் முக்கி அழிப்பது, கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டை விடுவது ஆகிய வழிகள் அந்தத் துண்டறிக்கைகளிலேயே மருந்துக்கு முன்பாக அச்சாகியிருக்கும். நேரே மருந்துப் பெயருக்குத் தாவிப் படிப்பதே வழக்கமாகிவிட்டது. ஆலோசனைச் சேவைக்குப் பொறுப்பானவர்கள் சொல்வதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். சொன்னதைத் திரும்பப் பெறவும் ஒரு வழி வைத்திருக்க வேண்டும்.

சந்தையில் ஒரு மேசை

2003-ல் பொலிவியாவின் கோமராப்பா என்ற சிற்றூரில் ஒரு சோதனை நடந்தது. வாரச்சந்தையில் மேசை போட்டு, உழவர்கள் கொண்டுவரும் நோயுற்ற செடிகளைப் பார்த்து, இலவசமாக யோசனை சொன்னார்கள். மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவைப் போன்றதுதான். விளக்குவதற்கு ஒன்றுமில்லாத அளவு எளிமையான ஏற்பாடு, அதனாலேயே பரவியது. பிரிட்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கேபி அமைப்பு 2011-ல் ‘பிளான்ட்வைஸ்’ என்ற பெயரில் இதை ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகள் முப்பதுக்கு மேற்பட்டவற்றுக்குக் கொண்டு சென்றது. இலங்கையில் வேளாண்மைத் திணைக்களமே பயிர்ச் சிகிச்சை முகாம்களை நடத்தியது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2012-லிருந்து பயிர் மருத்துவ முகாம்களை நடத்தியிருக்கிறது.

முகாமின் நடைமுறையில் மூன்று அம்சங்கள் கவனிக்கத்தக்கவை. பயிர் மருத்துவர் எதையும் விற்பதில்லை. உழவர் போகும்போது கையில் எழுத்துச் சீட்டு இருக்கும். அதை எடுத்துக்கொண்டுதான் மருந்துக் கடைக்குப் போவார், கடைக்காரரிடம் கேட்பதற்கு அவரிடம் ஒரு பெயர் இருக்கும். மூன்றாவது, ஒவ்வொரு சீட்டின் நகலும் பொதுப் பதிவேட்டுக்குப் போகும். தொடக்கத்தில் காகிதத்தில், பிறகு கைக்கணினியில். ஒரே வாரத்தில் ஒரே அறிகுறி பத்து முகாம்களில் பதிவானால், அது புதுப்பூச்சியின் வருகையாக இருக்கக்கூடும். கோவையில் மாவுப்பூச்சி முளைத்த நாளில் அப்படியொரு பதிவேடு இருந்திருந்தால் என்ற ஏக்கம் எழாமல் இருக்காது. மருத்துவர்களுக்கு வழிகாட்டும் ஏடுகள் பச்சை, மஞ்சள் என்று பிரிக்கப்பட்டிருக்கும். பச்சையில் தடுப்பு முறைகளும் மருந்தில்லா வழிகளும். மஞ்சளில் அளவோடு பயன்படுத்த வேண்டிய மருந்துகள். உலக சுகாதார அமைப்பு அதிக நச்சு என்று வகைப்படுத்திய மருந்துகளுக்கு எந்த ஏட்டிலும் இடமில்லை. 2017-ல் மராட்டியத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபின், அந்தக் கண்டிப்பின் நியாயத்தை யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

திட்ட நிதி உள்ளவரை முகாம் நடக்கும், நிதி முடிந்தால் மேசை மடிக்கப்படும் என்பது இவ்வகை முயற்சிகளின் பலவீனம். 2025 மே மாதம் தமிழக அரசு தொடங்கிய ‘உழவரைத் தேடி’ திட்டத்தில் மாதம் இரண்டு வெள்ளிக்கிழமைகளில் கிராமங்களில் முகாம் நடக்கிறது. அங்கே மானிய மனுக்களுக்கு நடுவில், இலையும் வேருமாகச் செடியைக் கொண்டுவருபவருக்கென்று ஒரு மேசை தவறாமல் இருந்தால், புதிதாக ஒரு திட்டமே தேவைப்படாது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடமும் உழவர் சந்தையும் இருக்கிற ஆரணி போன்ற ஊர்களில் மூட்டையோடு வரும் உழவர் செடியையும் சேர்த்தே கொண்டுவருவார்.

கடைக்காரர்களை விட்டுவிட்டு இதைச் செய்யவும் முடியாது. ஐதராபாத்திலுள்ள மேனேஜ் என்னும் வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-ல் தொடங்கிய பட்டயப் படிப்பில் இடுபொருள் விற்பனையாளர்கள் வாரம் ஒரு நாள் வீதம் 48 வாரம் படிக்கிறார்கள். வகுப்போடு வயலுக்கும் போகிறார்கள். கற்ற கடைக்காரர் கலவை மருந்தைக் குறைப்பார். லாப நெருக்கடி அவருக்கும் இருக்கும் என்பதால், விற்பனையில்லாத ஒரு மேசை பக்கத்திலேயே இருப்பது அவருக்கும் நல்லது.

எண்ணிப் பார்க்கக் கற்ற வயல்

சீட்டு எழுதிக் கொடுப்பதற்கு அடுத்த படி, உழவரே கண்டறியக் கற்பது. இந்தோனேசியா இதற்கு வழிகாட்டியது. நெல்லில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி கட்டுக்கடங்காமல் பெருகியபோது, அதை வளர்த்துவிட்டதே மருந்துகள்தான் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். மருந்து முதலில் கொன்றது புகையானைத் தின்னும் சிலந்திகளை. 1986-ல் அந்நாட்டு அதிபர் ஆணை 57 மருந்துகளை நெல்லில் தடை செய்தது. 1989-ல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. வாரம் ஒரு காலை, ஒரு பருவம் முழுக்க உழவர்கள் வயலில் குனிந்து பூச்சியை எண்ணினார்கள்.

தமிழ்நாட்டுப் பரிந்துரையிலும் அந்த எண்ணிக்கைக்கு இடமுண்டு. சிலந்தி இல்லாத வயலில் சிம்புக்கு ஒரு புகையான் வந்தால் மருந்தை யோசிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் சிம்புக்கு இரண்டு வரை பொறுக்கலாம். தண்ணீரை வடித்துவிடுவது, எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நடுவது, செயற்கை பைரித்ராய்டு வகை மருந்தைத் தவிர்ப்பது எல்லாம் அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை. தூரை விலக்கித் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பார்த்தால்தான் புகையான் தெரியும். மேலாகப் பார்ப்பவருக்கு வயல் வட்டமாகத் தீய்ந்த பிறகே தெரியும்.

தொலைபேசியும் செயலியும் இந்த வேலையில் எவ்வளவு தூரம் வரும்? 2004-ல் தொடங்கிய கிசான் அழைப்பு மையம் தமிழிலும் பதில் சொல்கிறது. 2018-ல் உழவன் செயலி வந்தது. 2024 ஆகஸ்டில் படத்தை வைத்துப் பூச்சியை இனங்காணும் தேசிய பூச்சிக் கண்காணிப்பு முறை தொடங்கியது. இலையின் மேல்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால், கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற பூச்சிக்கு இவை உதவும். வேரழுகலையும் தண்டுக்குள் இருக்கும் புழுவையும் துத்தநாகப் பற்றாக்குறையையும் படத்தில் பிரிப்பது கடினம். நட்ட இரண்டு மூன்று வாரத்தில் நெல் இலையில் துருப்போல் புள்ளி விழுந்து வளர்ச்சி குன்றினால், அது பெரும்பாலும் துத்தநாகக் குறை. மண் பரிசோதனையும் துத்தநாக சல்பேட்டும்தான் தீர்வு. நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் ஏராளம். செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்க்கும் கைக்கு மாற்று இன்னும் வரவில்லை.

தனி உழவருக்குச் சொல்லிப் பயனில்லாத பூச்சிகளும் உண்டு. மல்லாட்டைக் கொல்லைகளில் வரும் சிவப்புக் கம்பளிப்புழு அப்படிப்பட்டது. கோடையெல்லாம் கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் கிடக்கும். முதல் நல்ல மழை விழுந்ததும் அந்துப்பூச்சிகள் மண்ணைவிட்டு எழுந்து, இரவில் வெளிச்சத்தைத் தேடி வரும். அந்தச் சில இரவுகளில் ஊரே சேர்ந்து விளக்குப்பொறி வைத்து, வரப்பில் சொக்கப்பனை கொளுத்தினால் முட்டையிடும் முன்பே பெரும்பகுதி ஒழியும். முட்டைக் குவியலையும் கூட்டமாக இருக்கும் குஞ்சுப் புழுக்களையும் இலையோடு கிள்ளி அழிக்க இன்னும் சில நாள் கிடைக்கும். எனவே எச்சரிக்கை மழைக்கு மறுநாள் காலையில் ஒலிபெருக்கியிலும் வாட்ஸ்அப்பிலும் பால் ஊற்றும் இடத்திலும் சேர்ந்து வர வேண்டும். புழு வளர்ந்து உடம்பெல்லாம் மயிர் அடர்ந்துவிட்டால் மருந்தும் சுலபத்தில் ஏறாது. ஒரு கொல்லையைத் தின்று தீர்த்துவிட்டு, கூட்டமாக அடுத்த கொல்லைக்கு நடந்து போகும்.